கோத்தகிரித் தகரப்பெட்டி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாத்தா போன வருடம் தவறிவிட்டார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் அவருடைய ஒன்றரை ஏக்கரை (பாதி தேயிலை, பாதி கேரட்) பங்கு பிரிக்கப் போகிறோம். உரமூட்டை வைக்கும் கொட்டகையை ஒழித்தபோது ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே 1973இல் இலங்கையில், கண்டியில் கொடுத்த இந்திய பாஸ்போர்ட், துளை போட்டு எண் பொறித்த சிறிய வட்டத் தகரம், வளைந்த கத்தி ஒன்று, நாவலப்பிட்டியிலிருந்து வந்த சில ஏர்மெயில் கடிதங்கள். எழுதியவர் தாத்தாவின் தங்கை. அப்படி ஒருவர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 1982இல் வந்த கடைசிக் கடிதத்தில் "மூத்தவளுக்குப் பேர் பதிஞ்சாச்சு" என்று இருக்கிறது. என்னவென்று புரியவில்லை.

பள்ளியில் ‘சிலோன்காரன்’ என்று கூப்பிட்டது அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. "எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போடு" என்கிறார். அப்பாயிக்குக் காது மந்தம், ஆனால் நினைவு தெளிவு. ஒரு பழைய விண்ணப்ப நகலில் பூர்வீகம் முசிறி தாலுகா என்று இருப்பதால், அங்கே போய்க் குலதெய்வத்தையும் பங்காளிகளையும் தேடலாம் என்றிருக்கிறேன். எங்கே தொடங்குவது?

ம., கோவை

அன்புள்ள ம.,

முதலில் பழைய இரும்புக்காரரைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த வட்டத் தகரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுத்தபோது, 1900களின் தொடக்கத்திலிருந்து, இப்படி ஒரு தகரச் சீட்டைக் கொடுத்தார்கள். அதிலுள்ள எண்ணை வைத்து ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று தெரிந்துகொள்வார்கள். ரயில், மண்டபம் முகாம், கப்பல் என்று வழிச்செலவெல்லாம் அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டத்துக்கு ஆள் போவதை 1939இல் இந்திய அரசு தடை செய்துவிட்டது. உங்கள் தாத்தாவோ அங்கேயே பிறந்து 1973க்கு அப்புறம் வந்தவர். ஆக, இது அவருடைய அப்பாவுடையது, இல்லையென்றால் அதற்கும் மூத்தவருடையது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். எண் போய்விடும்.

கத்தி, கவ்வாத்துக் கத்தி. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டி இறக்குவது இதில்தான். வளைவின் உள்பக்கம் நடுவில் மட்டும் ஒல்லியாகித் தேய்ந்திருக்கிறது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. கல்லில் வருடக்கணக்கில் தீட்டினால்தான் இரும்பு அப்படிக் கரையும். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. பின்னால் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது அதுதான். அங்கே செடி வைத்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் பெரும்பாலும் உங்கள் தாத்தா மாதிரி அந்த மலையிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள். அப்பாவைக் கேலி செய்த பையன்கள் வீட்டிலும் அந்தத் தேயிலைதான் கொதித்திருக்கும்.

சரி, முசிறி. போகலாம், தப்பில்லை. ஆனால் தாலுகா பேர் மட்டும் கையில் இருக்கிறது, ஊர் பேர் இல்லை. கடனுக்கும் பஞ்சத்துக்கும் ஊரை விட்டுப் போனவர்களில் நிலமில்லாதவர்கள்தான் அதிகம். அவர்கள் பேரில் பட்டாவா இருக்கும்? குலதெய்வம் எது என்பதை அப்பாயியே சொல்லிவிடுவார். பிடிமண் கொண்டுபோய்த் தோட்டத்திலேயே சாமியை வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. உங்கள் சாமி இப்போது எந்தக் கரையில் இருக்கிறதோ!

எனக்கு அந்தக் கடிதங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் தோட்டத் தமிழர்களின் குடியுரிமை பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று வீட்டுக்கு வீடு மனு போட்டார்கள். அண்ணன் ஒரு மனுவில், கட்டிக்கொடுத்த தங்கை புருஷன் வீட்டு மனுவில். அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார், தங்கை அங்கேயே நின்றுவிட்டார். எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் பிரிந்தன.

பேர் பதிவது என்றால் தோட்டத்தில் தொழிலாளியாகப் பதிவு செய்வது. 82இல் அந்த மூத்த மகளுக்குப் பதினாறு, பதினெட்டு வயது என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அறுபதை ஒட்டிய வயதிருக்கும். உங்கள் அப்பாவுக்கு அத்தை மகள், அதாவது முறைப்பெண். (இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நீங்களும் அம்மாவும் பேசி முடிவு செய்யுங்கள்.) நூறு வருடத்துக்கு முந்தைய பங்காளியைத் தேடி முசிறிக்குப் போகிறீர்கள். அப்பாவின் சொந்த அத்தை பிள்ளைகள் உயிரோடு நாவலப்பிட்டிப் பக்கம் இருக்கலாம்.

கடித உறையில் உள்ள தோட்டத்தின் பேரைப் பாருங்கள். தோட்டங்களுக்கு இங்கிலீஷ் பேர் ஒன்று, ஜனங்கள் கூப்பிடும் தமிழ்ப் பேர் ஒன்று. வரைபடத்தில் தமிழ்ப் பேர் இருக்காது. அப்பாயிக்கு இரண்டுமே தெரிந்திருக்கும். தோட்டத்தில் எந்த டிவிசன், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), அங்கே யார் கங்காணி (ஆட்களை மேய்த்தவர்) என்றும் காதருகே போய்ச் சத்தமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலாசத்தைவிட அந்தப் பேர்கள்தான் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், பேச்சு தானாக வரும். 77, 83 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து (தோட்டங்கள் இருக்கும் மலைப்பகுதி) வடக்கே வவுனியாப் பக்கம் போனவர்களும் நிறைய. கடிதம் நின்ற வருடத்தைப் பார்த்தால் அதையும் மனதில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

காகிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் பழைய மை ஊறிவிடும். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். உரக் கொட்டகை வேண்டாம். அத்தைப் பாட்டியின் பேரும் தோட்டத்தின் பேரும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். ஹட்டன் பக்கம் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கச் சொல்கிறேன்.