பழைய காமிக்ஸ்களின் வண்ணம் மறுபதிப்பில் ஏன் கண்ணைக் கூச வைக்கிறது?

பழைய அமெரிக்க காமிக்ஸ்களில் வண்ணம் என்பது பெரும்பாலும் சிறு புள்ளிகளின் கூட்டம்தான். 1879-இல் பெஞ்சமின் டே உருவாக்கியதால் 'பென்-டே புள்ளிகள்' எனப்படும் இம்முறையில், நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மைகள் ஒவ்வொன்றும் 25, 50, 100 விழுக்காடு என்னும் அளவுகளில் மட்டுமே அச்சாகும். ஒரு மையை விட்டுவிடுவதையும் ஓர் அளவாகக் கொண்டால், மொத்தம் 64 சேர்க்கைகளே கிடைக்கும். கறுப்பு மை கோடுகளுக்கானது.

அக்காலத்து இதழ்கள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் வந்தன. அது மையை உறிஞ்சி, புள்ளிகளின் ஓரங்களைக் கரைத்து, நிறத்தை மட்டுப்படுத்தும் என்பதை அறிந்தே வண்ணக் கலைஞர்கள் அழுத்தமான நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே நிறங்களை இன்றைய வழவழப்பான வெள்ளைத் தாளில் அச்சிடும்போது மை மேற்பரப்பிலேயே தங்கிப் பளீரிடுகிறது. ஒரே சாயம் பருத்தியில் அடங்கியும் பட்டில் மின்னியும் தெரிவதைப் போன்றது இது. மங்கலான, மினுமினுப்பற்ற தாளில் வரும் மறுபதிப்புகளையே நான் விரும்பி வாங்குகிறேன். கணினியால் புதிதாக நிழல் சேர்த்து வண்ணமிட்ட பதிப்புகளோ, தட்டையான நிறத்தை எண்ணி வரையப்பட்ட கோடுகளின் வலிமையைக் குறைத்துவிடுகின்றன. 1990-களில் பரவிய கணினி வண்ணத்தை மனத்தில் கொண்டே வரையப்பட்ட புதிய கதைகளுக்கு இந்தக் குறை பொருந்தாது. அவற்றுக்கு வழவழப்பான தாளே ஏற்றது.

புள்ளிகளை ஓவியரே வரைந்தார் எனப் பலர் எண்ணுகிறார்கள். பொதுவாக ஓவியர்கள் கறுப்பு மையில் கோடுகளை மட்டுமே வரைந்தார்கள், புள்ளிகள் அச்சுக்கான தகடு தயாரிக்கும் கட்டத்தில்தான் சேர்ந்தன.