செலவுக் கணக்கு ஆப்: கேளுங்கள், சொல்கிறேன்

எங்கள் வீட்டுக்காக ஒரு செலவுக் கணக்கு ஆப் எழுதி, நாலு வருஷமாக அதை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

அண்ணா, காலேஜ் புராஜெக்ட்டுக்குச் செய்கிறேன். முதல் திரையில் பை சார்ட் வைத்திருக்கிறேன். சரியா?

சார்ட் அழகுதான் தம்பி. ஆனால் ஆப்பைத் திறக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் போன், பின்னால் ஒருவர் "கொஞ்சம் நகருங்க சார்" என்கிறார். அவருக்கு வேண்டியது எண் பலகை. 140 என்று அடிக்கிறார், 'காய்கறி'யைத் தொடுகிறார், முடிந்தது. வகையைத் தொட்டாலே பதிவாகிவிட்டால் 'சேமி' பொத்தானே தேவையில்லை. தேதி, இன்று என்று தானாக வரட்டும். பொத்தான்கள் கட்டைவிரல் எட்டும் கீழ்ப்பாதியில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபி (திரையில் பொத்தான்களை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே போகாதீர்கள். நீக்கும்போது "நிச்சயமாகவா?" என்று கேட்க வேண்டாம். நீக்கிவிட்டு, 'திரும்ப எடு' என்று சில நொடி காட்டினால் போதும்.

சார்ட்டை இரண்டாம் திரைக்குத் தள்ளுங்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பதற்கு அது.

எத்தனை வகை வைக்கலாம்? நான் 24 வைத்திருக்கிறேன்.

நான் முதலில் 31 வைத்தேன். என் மனைவி எல்லாவற்றையும் 'இதர'வில் போட்டார். மாசக் கடைசியில் பார்த்தால் பாதிச் செலவு 'இதர'! இப்போது எட்டுதான்.

எண்ணிக்கையை விட, யாருடைய வீட்டுக் கணக்கு என்பதுதான் முக்கியம். வெளிநாட்டு ஆப்பைப் பார்த்து எடுத்த பட்டியலில் மொய் இருக்காது. நம் ஊரில் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் அதுதான் பெரிய செலவு. அதுவும் வெறும் செலவில்லை. யாருக்கு, எந்த ஊர், என்ன விசேஷம் என்பதும் வேண்டும். நம் வீட்டுக் காதுகுத்துக்கு ஒருவர் 1,001 எழுதியிருப்பார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பழைய மொய் நோட்டைத் தேடுவோமே, அந்தத் தேடலை ஆப் செய்ய வேண்டும். அதனால் மொய்யைத் தொட்டால் மட்டும் 'பெயர்' கட்டம் ஒன்று கூடுதலாகத் திறக்கும்படி வைத்தேன். வீட்டில் பாராட்டு வாங்கியது அது ஒன்றுக்குத்தான்.

மாதச் சீட்டு கட்டுவதைச் செலவில் சேர்க்காதீர்கள். அது சேமிப்பு. ஏடிஎம்மில் 5,000 எடுப்பதும் செலவு இல்லை. பணம் பேங்கிலிருந்து பர்ஸுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இதைப் பிரிக்காவிட்டால் ஒரே பணத்தை இரண்டு தடவை கணக்கு எழுதுவீர்கள்.

மொத்தத்தைக் கூட்டினால் சில நேரம் கடைசியில் விசித்திரமான தசமங்கள் வருகின்றன. ஏன்?

தொகையை டபுள் வகையில், அதாவது தசமங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகையில், வைத்திருப்பீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் அதில் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள்: 45.50 ரூபாய் என்றால் 4550. திரையில் காட்டும்போது மட்டும் நூறால் வகுங்கள். காற்புள்ளி 1,00,000 என்று நம் வழக்கப்படி விழுகிறதா என்றும் பாருங்கள்.

பேங்க் எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகப் பதிந்துவிடலாமே?

செய்யலாம். ஆனால் 2018-இல் கூகுள் எஸ்எம்எஸ் அனுமதியை இறுக்கிவிட்டது. ப்ளே ஸ்டோரில் போட வேண்டுமானால் காரணம் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அப்படியே வாங்கினாலும், எவ்வளவு போனது என்று அந்த எஸ்எம்எஸ் சொல்லுமே தவிர, கத்திரிக்காய்க்கா, பிள்ளைக்கு ஐஸ்கிரீமுக்கா என்று சொல்லாது. ரொக்கச் செலவு அதில் வரவே வராது. முதல் பதிப்புக்கு வேண்டாம் என்பேன்.

லாகின் வைக்கட்டுமா சார்?

எதற்கு? எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் போனுக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதிவு என்றாலும் பத்து வருஷத்துக்கு 36,500 வரிசைதான். ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரை எடுத்துக்கொள்ளும், அதில் இது தாராளமாக அடங்கும். சிஎஸ்வியாக (எக்செல்லில் திறக்கிற எளிய அட்டவணைக் கோப்பு) வெளியே எடுக்க ஒரு வழி மட்டும் கொடுத்துவிடுங்கள்.

தமிழில் 'மீன்' என்று போட்டால் மேலே கொக்கி வெட்டுப்படுகிறது அண்ணா.

பொத்தானின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்திருப்பீர்கள். வரி உயரத்தைக் கூட்டுங்கள். அப்படியே 'போக்குவரத்து' என்பதையும் போட்டுப் பாருங்கள், அகலமும் பத்தாது. நான் அதை 'பஸ்' என்று மாற்றிவிட்டேன்.