சான்றிதழா, பட்டமா?

பள்ளி முடித்த உங்கள் மகன் கலிபோர்னியாவின் இரண்டு வருடக் கல்லூரியான டி அன்சாவில் கம்ப்யூட்டர் சான்றிதழ் படிப்பில் சேர்வதா, அங்கேயே இரண்டு வருடம் படித்து, பட்டத்துக்காக கலிபோர்னியா பல்கலைக்கு மாறுவதா என்று கேட்டிருந்தீர்கள். பட்டம்தான் குறி என்றால் சான்றிதழை விட்டுவிடுங்கள். அது சீக்கிரம் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. கால்குலஸை முதல் பருவத்திலேயே தொடங்கட்டும். அது தள்ளிப்போனால் இயற்பியலும் தள்ளிப்போகும். கல்லூரியின் எந்தப் பாடம் பல்கலையின் எந்த வளாகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். டி அன்சாவில் வருடத்தைக் காலாண்டுப் பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை, எனவே மாறுவதற்கு 90 யூனிட் (பாடங்களின் மதிப்பளவு) வேண்டும். அப்புறம், பல்கலையின் ஆறு வளாகங்கள், இப்படி மாறி வருகிறவர்களுக்கு டேக் என்ற இட உறுதி தருகின்றன. அதற்கான விண்ணப்பம் செப்டம்பரில் மட்டும்தான். பெர்க்லி அந்த ஆறில் இல்லை. சில வளாகங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதைத் தருவதும் இல்லை, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.