கேள்வி மேடை: வால்டர் டல்லின் குடும்பம்

சென்ற இதழில், முதல் உலகப்போரில் உயிரிழந்த கால்பந்து வீரர்கள் யாராவது உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இங்கிலாந்தின் வால்டர் டல் பெயரைச் சொல்லி, "அப்பா பார்படோஸ் தீவுக்காரர், அம்மா ஆங்கிலேயர், டாட்டன்ஹாம் அணிக்கு ஆடியவர்" என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, அவரைப் பற்றி முழுசாகச் சொல்லச் சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதால், இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.

கேள்வி: அந்தக் காலத்தில் பார்படோஸிலிருந்து வந்த ஒருவர் இங்கிலாந்தில் எப்படிப் பிழைத்தார்? குடும்பம் பற்றிச் சொல்லுங்களேன். (வாசகி, தூத்துக்குடி)

தச்சு வேலை செய்து பிழைத்தார். அப்பா பெயர் டேனியல் டல். அவருடைய அப்பா, அதாவது வால்டரின் தாத்தா, பார்படோஸில் அடிமையாக இருந்தவர். டேனியல் தொழில் கற்றுக்கொண்டு கப்பலேறி, 1876-ல் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், கென்ட் மாவட்டத்தில் இருக்கும் ஃபோக்ஸ்டன் ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே டோவர் பக்கத்துக் கிராமத்துப் பெண்ணான ஆலிஸ் பாமரை 1880-ல் கல்யாணம் செய்துகொண்டார். மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். பிறந்த பிள்ளைகள் ஆறு பேர். ஒரு குழந்தை சிசுவிலேயே போய்விட்டது. வால்டர் பிறந்தது 1888 ஏப்ரல் 28.

அப்புறம் வந்ததெல்லாம் அடி மேல் அடி. 1895-ல் ஆலிஸ் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வால்டருக்கு அப்போது ஏழு வயது. அடுத்த ஆண்டே டேனியல், ஆலிஸின் ஒன்றுவிட்ட தங்கை கிளாராவை மணந்தார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்த நிலையில் அவருக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1897-ல் கிளாராவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது கைக்குழந்தையாக இருக்கும்போதே, அதே ஆண்டு டிசம்பரில் டேனியலும் இதய நோயில் போய்விட்டார்.

இப்போது கிளாராவின் இடத்தில் இருந்து பாருங்கள். கையில் பச்சைக் குழந்தை, அக்காவின் பிள்ளைகள் ஐந்து பேர், சம்பாதிக்க ஆள் இல்லை. மூத்தவன் வில்லியம் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டான். பெண்பிள்ளைகள் வீட்டில் ஒத்தாசையாக இருப்பார்கள். நடுவில் இருந்த இரண்டு பையன்கள், எட்வர்டும் வால்டரும், 1898 பிப்ரவரியில் லண்டன் பெத்னல் கிரீன் பகுதியில் மெதடிஸ்டுகள் நடத்திய அனாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். எட்வர்டுக்குப் பதினொன்று, வால்டருக்கு ஒன்பது. சித்தி துரத்திவிட்டாள் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. அது அநியாயம். வேளைக்குச் சோறும் படிப்பும் கிடைக்கும் ஓர் இடத்தைத்தான் அந்தப் பெண் தேடினார்.

கேள்வி: அண்ணனும் தம்பியும் கடைசி வரை சேர்ந்தே இருந்தார்களா? (வாசகர், மன்னார்குடி)

இல்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் வாட்டுவது இதுதான்.

எட்வர்டுக்கு நல்ல குரல். நன்கொடை திரட்ட ஊர் ஊராகப் போகும் இல்லத்தின் பாடகர் குழுவில் அவனும் இருந்தான். கிளாஸ்கோவில் பாடப் போன இடத்தில் வார்னக் என்ற குடும்பத்துக்கு அவனைப் பிடித்துவிட்டது. 1900-ஆம் ஆண்டு இறுதியில் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். அவனை மட்டும். பன்னிரண்டு வயது வால்டர் லண்டனிலேயே தங்கிவிட்டான்.

வார்னக் பல் மருத்துவர். எட்வர்டும் அதே படிப்பைப் படித்து, எட்வர்ட் டல்-வார்னக் என்ற பெயரில் 1910-ல் தகுதி பெற்றார். பிரிட்டனில் பல் மருத்துவரான முதல் சில கருப்பினத்தவரில் ஒருவர். பர்மிங்காமில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேரப் போனபோது, இவர் நிறத்தைப் பார்த்ததுமே, "நீ இங்கே இருந்தால் ஒரே நாளில் என் தொழில் படுத்துவிடும்" என்கிற பாணியில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு கிளாஸ்கோவில் வளர்ப்புத் தந்தையின் தொழிலையே ஏற்று நடத்தி, நல்ல பெயர் எடுத்தார். கோல்ஃப் ஆடுவார், மேடையில் பாடுவார். 1950 வரை இருந்தார்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். விடுதிப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். லீவு விட்டதும் கூடப் படித்தவனை அழைத்துப்போக ஆள் வந்து, தனக்கு யாரும் வராமல் போகிற பையன் அன்று சாயங்காலம் மைதானத்தில் பந்தை எப்படி உதைப்பான் என்பது எனக்குத் தெரியும். வால்டர் அந்த இல்லத்தின் அணியில்தான் கால்பந்து கற்றுக்கொண்டான். இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அச்சுத் தொழிலும் அங்கேதான் பழகினான். பிரிந்துபோனாலும் சகோதரர்கள் தொடர்பை விடவில்லை. வால்டர் கிளாஸ்கோவுக்குப் போய்வருவார். வேறு வேறு வீட்டில் வளர்ந்தும் கடைசிவரை அண்ணன் தம்பியாகவே இருந்தார்கள்.

கேள்வி: ஆட்டக்காரராக அவர் எப்படி? புள்ளிவிவரம் ப்ளீஸ். (வாசகர், கோவை)

1908-ல் கிளாப்டன் என்ற அமெச்சூர் அணி. சம்பளம் கிடையாது. அந்த ஒரே சீசனில் எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்து சங்கம்) அமெச்சூர் கோப்பை உட்பட மூன்று கோப்பைகளை அந்த அணி வென்றது. ஒரு பத்திரிகை அவரை அந்த சீசனின் சிறந்த கண்டுபிடிப்பு என்று பாராட்டியது. 1909 கோடையில் டாட்டன்ஹாம் அணியோடு அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணம். கையெழுத்துப் போட்டதற்கு 10 பவுண்டு, வாரச் சம்பளம் அன்றைய உச்சவரம்பான 4 பவுண்டு. முன்னணியில் ஆடினார். முதல் டிவிஷனில் 10 ஆட்டங்கள், 2 கோல்.

1911 அக்டோபரில் நார்தாம்ப்டன் டவுனுக்கு மாறினார். அவரைக் கூப்பிட்டவர் ஹெர்பர்ட் சாப்மன். பிற்பாடு ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உச்சிக்குக் கொண்டுபோன அதே மேனேஜர்தான். அங்கே நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பிரிஸ்டல் ரோவர்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டிருக்கிறார். ஆனால் அவருக்குப் பொருந்தி வந்த இடம் ஹாஃப் பேக். பந்தைப் பறித்து, நிதானமாகப் பார்த்து, சரியான ஆளிடம் கொடுக்கிற வேலை. அவசரமில்லாத ஆட்டக்காரர் என்றே அந்தக் காலத்துச் செய்திகள் அவரைச் சொல்கின்றன.

கேள்வி: டாட்டன்ஹாமில் பத்தே ஆட்டமா? நன்றாக ஆடியவரை ஏன் உட்காரவைத்தார்கள்? (வாசகர், சேலம்)

1909 அக்டோபர் 9-ஆம் தேதி, பிரிஸ்டல் சிட்டி மைதானத்தில் ஆட்டம். கூட்டம் கிட்டத்தட்ட இருபதாயிரம். அதில் ஒரு கும்பல் வால்டரைக் குறிவைத்து, நிறத்தைச் சொல்லி, காது கூசும் வார்த்தைகளால் ஆட்டம் முழுக்கத் திட்டியது. "ஃபுட்பால் ஸ்டார்" பத்திரிகையின் நிருபர் இதை மூடி மறைக்காமல் எழுதினார். லண்டன் பில்லிங்ஸ்கேட் மீன் மார்க்கெட்டில் கேட்கிற பேச்சைவிடக் கேவலமான பேச்சு என்றார். மனசிலும் ஆட்டத்திலும் டல் அவ்வளவு சுத்தமானவர், கால்பந்து ஆடுகிற எல்லா வெள்ளையருக்கும் அவர் ஒரு முன்மாதிரி என்றார். திறமையை வைத்துச் சொன்னால் அன்று களத்தில் இருந்த முன்னணி வீரர்களில் அவர்தான் சிறந்தவர் என்றும் எழுதினார். 1909-ல் ஒரு விளையாட்டு நிருபர் இப்படி எழுதியிருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு வால்டருக்குப் பெரும்பாலும் ரிசர்வ் அணிதான், அதாவது இரண்டாம் நிலை அணி. திட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, திட்டு வாங்கியவர் இடத்தை இழந்தார். ஆட்டம் சரியில்லை என்று உட்காரவைத்தார்கள் என வாதிடுபவர்கள், அந்த நிருபர் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசட்டும். பயிற்சியாளனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருபத்தொரு வயதுப் பையனைக் கூட்டம் அப்படிக் கிழித்த மறுவாரம் அணியின் முதல் பெயராக அவன் பெயரைத்தான் எழுத வேண்டும். சாப்மன் அவரை அழைத்துக்கொண்டு தொடர்ந்து ஆடவிட்டார். வித்தியாசம் அங்கேதான்.

கேள்வி: இங்கிலாந்தின் முதல் கருப்பின கால்பந்து வீரர், முதல் கருப்பின ராணுவ அதிகாரி இரண்டும் இவர்தானா? (மாணவர், நாமக்கல்)

இரண்டும் இல்லை. தொழில்முறை ஆட்டத்தில் இவருக்கு முன்பே கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன் இருந்தார். ராணுவத்தில் ஜார்ஜ் பெமாண்ட் 1915-லேயே பீரங்கிப் படை அதிகாரி. "முதல் சிலரில் ஒருவர்" என்று எழுதுங்கள். அதுவே பெருமைதான்.

கேள்வி: கருப்பினத்தவர் அதிகாரியாக முடியாது என்று சட்டம் இருந்தது என்கிறார்கள். பிறகு இவர் எப்படி ஆனார்? (வாசகர், காரைக்கால்)

1914 ராணுவச் சட்டக் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. கருப்பினத்தவரையும் நிறமுள்ளவரையும் அன்னியர் கணக்கில் வைத்து, வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கட்டளையிடும் பொறுப்பு அவர்களுக்குக் கூடாது என்றது. கென்ட் மண்ணில் பிறந்தவருக்கும் அதே கதி.

1914 டிசம்பரில் லண்டன் ஃபுல்ஹாம் டவுன் ஹாலில் கூட்டம் போட்டு, கால்பந்து வீரர்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு தொடங்கினார்கள். மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17-வது பட்டாலியன். ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 21-ஆம் தேதி, வால்டர் சேர்ந்துவிட்டார். நார்தாம்ப்டன் அணியிலிருந்து முதலில் சேர்ந்தவர் அவர்தான். 1915 நவம்பரில் பிரான்ஸ். அடுத்த மே மாதம், ஓயாத குண்டு வீச்சில் மனம் கலங்கி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தேறியதும் திரும்பிப் போனார், பிரான்ஸின் சோம் ஆற்றங்கரைப் போர்க்களத்துக்கே. அங்கிருந்து காய்ச்சலோடு ஊர் திரும்பியபின், 1917 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கெய்ல்ஸ் அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வானார். அவருடைய மேலதிகாரிகள் சிபாரிசு செய்யாமல் அது நடந்திருக்காது. அகழிகளில் அதிகாரிகள் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்த நேரம். ராணுவத்துக்கும் தேவை இருந்தது. 1917 மே 30-ல் செகண்ட் லெப்டினன்ட் ஆனார்.

அந்தக் குளிர்காலம் இத்தாலியில். 1918 புத்தாண்டையொட்டிய ஓர் இரவில், பியாவே ஆற்றைக் கடந்து எதிரி இருக்கும் கரைக்கு 26 பேரை அழைத்துக்கொண்டு போனார். பனிக்காலம், வேகமாக ஓடும் ஆறு, எந்த நிமிடமும் சுடலாம். போன 26 பேரையும் ஒரு காயம்கூட இல்லாமல் திரும்பக் கூட்டிவந்தார். மேஜர் ஜெனரல் சிட்னி லாஃபோர்ட், அவருடைய வீரத்தையும் பதற்றமின்மையையும் எழுத்தில் பாராட்டினார்.

கேள்வி: அவர் இறந்தது எப்படி? மிலிட்டரி கிராஸ் பதக்கம் ஏன் தரவில்லை? (வாசகர், மதுரை)

1918 மார்ச்சில் ஜெர்மானியர் பெரும் தாக்குதல் தொடங்கினார்கள். வால்டரின் பட்டாலியன் இத்தாலியிலிருந்து பிரான்ஸுக்குத் திரும்பியிருந்த நேரம். மார்ச் 25-ஆம் தேதி ஃபாவ்ரய் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், பின்வாங்கும்போது குண்டடி பட்டு விழுந்தார். டாம் பில்லிங்காம் என்ற சிப்பாய், லெஸ்டர் ஃபாஸ் அணியின் முன்னாள் கோல்கீப்பர், அவரை இழுத்துக்கொண்டு வரப் பார்த்தார். எதிரி நெருங்கிவிட்டதால் முடியவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. முப்பது வயது ஆக ஒரு மாதம் இருந்தது. கல்யாணம் ஆகவில்லை.

கிளாஸ்கோவில் எட்வர்டுக்கு, சக அதிகாரி பிக்கார்ட் கடிதம் எழுதினார். பட்டாலியன் முழுக்க எல்லோருக்கும் பிடித்தவர், தைரியசாலி, மனசாட்சிக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லிவிட்டு, "பட்டாலியனும் கம்பெனியும் ஒரு விசுவாசமான அதிகாரியை இழந்துவிட்டன, நான் ஒரு நண்பனை இழந்துவிட்டேன்" என்று எழுதினார். போர்க்கள வீரத்துக்கான மிலிட்டரி கிராஸுக்கு வால்டர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டிருந்ததாகவும் அதில் இருக்கிறது. ஆனால் பதக்கம் வரவில்லை. 1979 வரை அந்தப் பதக்கத்தை இறந்தபின் கொடுக்க விதியில் இடமும் இல்லை. 2018-ல், அவர் இறந்த நூறாவது ஆண்டில், 120-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் எம்.பி.க்கள் அதைக் கொடுக்கச் சொல்லிப் பிரதமருக்கு எழுதினார்கள்.

கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதிகாரியாக ஆக்கும்போது விதியைத் தளர்த்த முடிந்தது. அவருக்குப் பதக்கம் கொடுக்கும்போது மட்டும் விதி இறுகிப்போவது நியாயமில்லை.

கேள்வி: குடும்பத்தில் மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர் நினைவாக எங்கே போய்ப் பார்க்கலாம்? (வாசகி, புதுச்சேரி)

மூத்த அண்ணன் வில்லியமும் போருக்குப் போனவர்தான், ராயல் இன்ஜினியர்ஸ் பிரிவில். 1920-ல் இறந்தார், ஃபோக்ஸ்டன் கல்லறைத் தோட்டத்தில் போர் வீரருக்கான கல்லறை அவருக்கு உண்டு. ஒரே வீட்டிலிருந்து இரண்டு மகன்கள். எட்வர்டின் மகள்வழிக் குடும்பம்தான் வால்டரின் கடிதங்களையும் படங்களையும் பத்திரமாகக் காப்பாற்றி வைத்தது. அவர்கள் இல்லாவிட்டால் மேலே சொன்னதில் பாதி நமக்குத் தெரிந்தே இருக்காது.

வால்டர் பெயர் பிரான்ஸில் அராஸ் நினைவுச் சின்னத்தில், உடல் கிடைக்காதவர்கள் வரிசையில் இருக்கிறது. நார்தாம்ப்டனில் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்தருகே 1999-ல் அவருக்கு நினைவிடம் எழுப்பினார்கள். மைதானத்துக்குப் போகும் தெருவுக்கும் அவர் பெயர்தான்.

ஆர்தர் வார்ட்டன் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன்.