'டாங்க்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'தாங்கி'யிலிருந்து வந்ததா?

இல்லை. நானும் பல வருடம் ஆம் என்றுதான் நம்பியிருந்தேன். கிளிநொச்சியில் வளர்ந்தவனுக்கு அப்படி நம்புவது சுலபம். வீட்டுக்கு மேலே இருப்பது தண்ணீர்த் தாங்கி, தண்ணீரைத் தாங்குவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் அதைக் கேட்டு டாங்க் என்றான் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தேகத்தைக் கிளப்பியது அண்ணாவின் மகள். இரணைமடுக் குளக்கட்டில் நின்று, பெயர்ப்பலகையின் ஆங்கில வரியில் 'டாங்க்' என்று இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "சித்தப்பா, இங்க தாங்கி எங்க? குளம்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதிலேயே விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மூத்த பொருள் குளம்தான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், அங்கே கண்ட குளங்களை எழுதப் பிடித்துக்கொண்ட சொல் அது. குஜராத்தியிலும் மராத்தியிலும் டாங்கு, டாங்கே என்றால் தண்ணீர் சேர்க்கும் தொட்டி. அதே கரையில் ஏற்கெனவே இருந்த போர்த்துக்கேயரிடமும் குளத்துக்கு 'தாங்க்கெ' என்ற சொல் இருந்தது. ஓடும் நீரை மறித்து நிறுத்துவதைச் சொல்லும் வினையோடு அதைச் சேர்ப்பார்கள். யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமை இல்லை. குஜராத்திச் சொல்லைச் சமஸ்கிருதத் 'தடாக'த்தோடு இணைப்பவர்களும் உண்டு. அது சரி என்றால், நாம் எழுதும் தடாகமும் டாங்கும் சொந்தக்காரர்கள்.

சரி, நம் தாங்கி? தாங்கு என்ற வினை பழையது. தெருவோரச் சுமைதாங்கிக் கல்லே சாட்சி. ஆனால் வன்னியில் நீர்நிலைக்குக் குளம், மடு, மோட்டை, கேணி, துரவு என்று எத்தனையோ பெயர் இருந்தும், அந்த வரிசையில் தாங்கி இல்லை. டாங்க் வந்த பிறகு, ஓசைக்கும் பொருளுக்கும் பொருந்துகிற நம் சொல்லை யாரோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடப்பாரைக்கான போர்த்துக்கேயச் சொல்லை அலவாங்கு என்று அப்படியே வைத்துக்கொண்டதைவிட இது எவ்வளவோ அழகான வேலை.

போர் வண்டிக்கும் இதே பெயர்தான். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் அதை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தொட்டி என்று வெளியார் நினைக்கட்டும் என்று வைத்த மறைபெயர் அது. 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சில் முதன்முதலாகப் போர்க்களத்தில் இறங்கியது, பெயரும் ஒட்டிக்கொண்டது. "டாங்கி அடிக்கிறான்" என்று கத்தி அம்மா எங்களைப் பங்கருக்குள் இறக்கிய நாட்களில், அது குளத்தின் பெயர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.