விலங்குகளின் உடலும் அசைவும் அவை வாழும் இடத்துக்கு ஏற்றபடி அமைந்திருப்பதற்கு நீங்கள் நேரில் பார்த்த உதாரணம் எது?

ஒட்டகத்தின் திமிலும் மீனின் செவுளும் ஐந்தாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டன. நான் சொல்லப்போவது வரித்தலை வாத்தைப் பற்றி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு விலங்கியல் தொழில் இல்லை. கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. இந்த வாத்தை மட்டும் சின்ன வயதிலிருந்து தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் ஆச்சி வீடு நாங்குநேரிப் பக்கம், கூந்தன்குளத்துக்குச் சைக்கிளில் போய்வரும் தூரம். அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாளே அங்கே போய்விடுவேன். கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. ஊர்க்காரர்கள் அதற்கு வெகுநாள் முன்பிருந்தே பறவைகளைப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறவர்கள். தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். கொல்லை மரத்தில் நாரை கூடு கட்டினால் எச்சமும் மீன் நாற்றமும் வீட்டுக்குள் வரும், ஆனாலும் யாரும் கிளையை வெட்டுவதில்லை. எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதும் ஒரு காரணம்.

மார்கழி, தை மாதங்களில் குளத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் கிடக்கும். வெள்ளைத் தலை, பின்மண்டையில் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டை. அலகும் காலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். அதுதான் வரித்தலை வாத்து. எடை இரண்டு, மூன்று கிலோ இருக்கும். பகலெல்லாம் அலகை முதுகில் செருகிக்கொண்டு தூங்கும், பொழுது சாய்ந்தால் வயலுக்குப் போகும். தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து இரை தேடும் ரகம் இல்லை, ஆடு மாதிரி புல் மேயும். கால்கள் உடம்பின் நடுவாக்கில் இருப்பதால் வீட்டு வாத்துபோல் தள்ளாடாமல் ஒழுங்காக நடக்கும். ஆச்சிக்கு அதன்மேல் தீராத கோபம். "வடக்க இருந்து இம்புட்டுத் தூரம் வந்து நம்ம வயலத்தான் மேயணுமாக்கும்" என்பாள். அந்த 'வடக்கு' எது என்று ஆச்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெரிந்தது பல வருடம் கழித்து, லடாக்கில். நண்பர்களோடு ஒரு ஜூலை மாதம் போயிருந்தேன். விமானத்தில் போய் லே நகரில் இறங்கினோம், உயரம் 3,500 மீட்டர். தங்கிய விடுதியின் மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இரண்டு நாள் தலைவலியோடு படுக்கை. கொஞ்சம் தேறியபின் சோ மோரிரி ஏரிக்குப் போனோம், அது 4,500 மீட்டர். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டி நிமிர்ந்தால் மூச்சு வாங்கியது. அப்படி வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் ஏரிக்கரைப் புல்லில் பார்த்தேன். அதே இரண்டு பட்டை. ஆச்சி வயலை மேய்ந்த அதே ஆள், பின்னால் குஞ்சுகளோடு. ஒன்று நாலடி ஓடிச் சிறகடித்து எழும்பி, என் தலைக்கு மேலே "ஆங்க், ஆங்க்" என்று கத்திக்கொண்டே போனது. பறந்துகொண்டே கத்த அதற்கு மூச்சு மிச்சம் இருந்தது.

அங்கிருந்து ஆச்சி வயலுக்கு வர இந்த வாத்து இமயமலையைத் தாண்ட வேண்டும். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். சிறகடித்துப் பறக்கவோ, சும்மா இருக்கும்போது தேவைப்படுவதைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். அதோடு காற்று மெலிந்தால் சிறகுக்குப் பிடிமானமும் குறையும்.

கழுகு மாதிரி வட்டமடித்து மிதந்து போகலாமே என்று தோன்றும். கூந்தன்குளத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். வெயில் ஏறித் தரை சூடானதும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கிளம்பும். பத்துப் பதினைந்து தடவை சிறகடித்துவிட்டு, மேலே எழும் வெப்பக்காற்றில் ஏறிச் சிறகை விரித்துவிட்டால் போதும், சும்மாவே பொட்டாகச் சிறுத்துப் போகும். அகலமான சிறகு, நுனியில் விரல் விரித்த மாதிரி இறகு. வரித்தலை வாத்தின் சிறகு நீண்டு கூர்மையாக இருக்கும். அது அடித்துக்கொண்டே இருந்தால்தான் மேலே நிற்கும். மலையையும் அப்படி அடித்தே தாண்டுகிறது.

எப்படி முடிகிறது? மணிமுத்தாறு அணையிலிருந்து கூந்தன்குளத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அணை மதகை மட்டும் அகலப்படுத்தினால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது. வாய்க்கால், மடை, வரப்பு எல்லாம் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். இந்த வாத்தின் உடம்பில் மூக்கிலிருந்து தசை வரைக்கும் ஒவ்வொரு மடையிலும் ஒரு சின்ன வேலை நடந்திருக்கிறது.

முதல் மடை நுரையீரல். நம் நுரையீரலில் காற்று போன வழியே திரும்பி வரும், பழைய காற்று கொஞ்சம் உள்ளேயே தங்கும். பறவைகளின் நுரையீரலில் காற்றுப் பைகளின் உதவியால் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். இது எல்லாப் பறவைக்கும் உள்ள வசதி. வரித்தலை வாத்துக்கு அதற்கு மேல் நுரையீரலே மற்ற வாத்துகளைவிடச் சற்றுப் பெரிது, மூச்சும் ஆழமாக இழுக்கும். நாம் வேகமாக மூச்சிழுத்தால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கித் தலை சுற்றும். லேயில் எனக்கு நடந்தது. பறவைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ரத்தம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் ஆல்ஃபா சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. 119-ஆம் இடத்தில் சமவெளி வாத்துக்கு இருப்பது புரோலின், வரித்தலை வாத்துக்கு இருப்பது அலனின். அலனின் சின்னது. அதனால் பக்கத்துச் சங்கிலியோடு இருந்த ஒரு தொடுப்பு விட்டுப்போய், ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்து 1962-இல் நோபல் பரிசு வாங்கிய மேக்ஸ் பெருட்ஸ் 1983-இல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1991-இல் மனித ஹீமோகுளோபினிலேயே அந்த ஓர் இடத்தை மாற்றிப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று காட்டினார்கள். (வேறு சில மாற்றங்களும் கூடச் சேர்ந்து உழைக்கின்றன என்று பின்னால் தெரிந்தது.) இதைவிட வேடிக்கை, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும் ஒரு வாத்துக்கும் அதே தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கத்தில், பீட்டா சங்கிலியின் 55-ஆம் இடத்தில். ஒரே கதவின் கொண்டியை ஒருவர் உள்ளேயிருந்தும் ஒருவர் வெளியேயிருந்தும் கழற்றிய கதை.

கடைமடை, பறக்கும் தசை. அங்கே நுண்குழாய்கள் அடர்த்தியாக ஓடுகின்றன. தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனைச் செலவழிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் ஓரமாக, ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. குழாயடிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்ட மாதிரி.

உடம்பு இவ்வளவு இருந்தும் இந்தப் பறவை வீரம் காட்டுவதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். "எவரெஸ்டுக்கு மேலே பறக்கும் வாத்து" என்று வாட்ஸாப்பில் வரும் படங்களை நம்ப வேண்டாம். அந்தப் பேச்சுக்குப் பெரிய காரணம், மலையேறப் போனவர்கள் இரவில் தலைக்கு மேலே அதன் குரலைக் கேட்டு உயரத்தை ஊகித்தது. செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பார்த்தபோது பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். அதுவும் அபூர்வம். பெரும்பாலான நேரம் 6,000 மீட்டருக்குக் கீழேதான், பள்ளத்தாக்கும் கணவாயும் பார்த்துப் போகிறது. இமயத்தின் தெற்குப் பக்கம் ஏழெட்டு மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. அதற்கு அது தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இரவையும் அதிகாலையையும். பகலில் சரிவை ஒட்டி மேலே வீசும் காற்று முதுகில் தள்ளிவிடுமே, அதை ஏன் விடுகிறது? இரவுக்காற்று குளிர்ந்து கனமாக இருக்கும், சிறகுக்குப் பிடிமானம் கிடைக்கும், சுழலும் இருக்காது.

2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இன்னும் சுவாரசியம். வேல்ஸிலுள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பிஷப் குழுவினர் மங்கோலியாவில் இந்த வாத்துகளின் உடலுக்குள் சிறு கருவி வைத்து, இதயத்துடிப்பையும் சிறகடிப்பையும் உயரத்தையும் பதிவு செய்தார்கள். மேலே ஏறிவிட்டு அதே உயரத்தில் நேராகப் போகும் என்றுதான் யாரும் நினைப்போம். அது மலையின் மேடுபள்ளத்தை ஒட்டி ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் போகிறது. கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தை எதற்காக விட வேண்டும்? கணக்கு இப்படி: சிறகடிப்பு வேகம் 5 சதவீதம் கூடினாலே இதயத்துடிப்பு 19 சதவீதம் கூடும், பறக்கச் செலவாகும் சக்தி 41 சதவீதம் கூடும். மெல்லிய காற்றில் உயரத்திலேயே நின்று வேகமாக அடிப்பதைவிட, இறங்கிக் கனமான காற்றில் நிதானமாக அடித்துவிட்டு மறுபடி ஏறுவது மலிவு. தணிக்கைக்காரனான எனக்கு இந்தச் சிக்கனம் ரொம்பவே பிடித்துப்போனது.

இந்த மாதிரிக் கேள்விக்கான பதில்களில் எல்லோரும் "சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது" என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த வாக்கியத்தோடு சண்டை உண்டு. மாற்றிக்கொண்டது நான். லேயில் இரண்டு நாள் படுத்திருந்து மூச்சைப் பழக்கிக்கொண்டேன், ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. வாத்து எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, அது அப்படியே பிறக்கிறது. கனடாவின் வான்கூவரில் ஆய்வு செய்த ஜெசிகா மெயர் என்பவர் வரித்தலைக் குஞ்சுகளை முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் தாய் மாதிரி வளர்த்தார். அவர் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போக, அவை பக்கத்திலேயே பறந்து பழகின. கடல்மட்டத்தில் வளர்ந்த பறவைகள், மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. காற்றுச் சுரங்கத்தில் (விசிறியால் காற்றை வேகமாக வீசவைக்கும் சோதனைக்கூடம்) முகமூடி மாட்டி, 9,000 மீட்டர் உயரத்துக்குச் சமமாக ஆக்சிஜனைக் குறைத்தபோதும் சில பறந்தன. உடலின் செலவைக் குறைத்துக்கொண்டன. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இரண்டு டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. ரத்தம் குளிர்ந்தால் ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்சிஜனைக் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும், சூடான தசைக்குப் போனதும் இறக்கிவிடும். இந்த ஆய்வு வெளியானது 2019-இல். அதே ஆண்டு மெயர் விண்வெளி நிலையத்துக்குப் போய்விட்டார், வாத்துகளைவிட உயரமாக.

பார்க்க ஆசைப்பட்டால் தை மாதம் கூந்தன்குளத்துக்குப் போங்கள். மழை பொய்த்த வருடம் என்றால் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒன்பது மணிக்குப் போய்விட்டு "சும்மா தூங்குது சார்" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். விடிவதற்கு முன்பே கரையில் உட்கார்ந்துவிட வேண்டும். வெளிச்சம் வரும்போது வயலிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பும். உருவம் தெரியும் முன்பே அந்த "ஆங்க், ஆங்க்" கேட்கும்.