கோல்டு ஏர் இன்டேக்: ஃபில்டரின் வாய் எங்கே இருக்கிறது?

கேள்வி (ஸ்விஃப்ட் பெட்ரோல், திருச்சி): அண்ணா, என்ஜினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவர, கோன் ஃபில்டரும் அலுமினிய பைப்பும் சேர்ந்த கோல்டு ஏர் இன்டேக் கிட் வாங்கிவிட்டேன். நானே மாட்டலாமா?

மாட்டலாம் தம்பி. பேட்டரியின் நெகடிவ் டெர்மினலை முதலில் கழற்றிவிடுங்கள். பழைய ஃபில்டர் பாக்ஸைத் தூக்குமுன் இரண்டு விஷயம் கவனியுங்கள். பைப்பில் வயரோடு ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தால், அது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாராக இருக்கலாம். அப்படியானால் புதுப் பைப்பின் விட்டம் அந்த இடத்தில் பழையதைப் போலவே இருக்க வேண்டும். மாறினால் அளவு தப்பும், பெட்ரோல் கணக்கும் தப்பும். அடுத்தது, வால்வ் கவரிலிருந்து (என்ஜினின் மேல்மூடி) வரும் பிரீதர் ஹோஸ், அதாவது என்ஜினின் உள்ளாவி போகும் குழாய். அதைப் புதுப் பைப்பில் சேர்க்காமல் தொங்கவிட்டால் சென்சார் அளக்காத காற்று என்ஜினுக்குள் போகும். பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும், கோனை எக்ஸாஸ்ட் பக்கம் திறந்தபடி வைத்தால் நீங்கள் மாட்டியது சூடான காற்று இன்டேக். 3 டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். வெளியே 35, பானட்டுக்குள் 60 என்றால் 8 சதவீதம் போச்சு. கம்பெனி பாக்ஸின் மூக்கு பெரும்பாலும் முன்பக்க கிரில் பக்கம்தான் நீண்டிருக்கும், அதாவது அது ஏற்கெனவே குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறது.

கேள்வி (போலோ, சென்னை): அப்படியென்றால் பம்பருக்குக் கீழே இறக்கிவிடலாமா?

வேளச்சேரிப் பக்கம் போகாத வண்டி என்றால் இறக்குங்கள். தேங்கிய தண்ணீரை ஃபில்டர் உறிஞ்சினால் அது நேராக சிலிண்டருக்குப் போகும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளம் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் இதற்குப் பெரும்பாலும் கிளெய்மும் வராது. தண்ணீரில் வண்டி நின்றால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள்.

கேள்வி (ஐ20, மதுரை): மைலேஜ் எவ்வளவு கூடும்?

கூடாது. சீரான வேகத்தில் போகும்போது த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) பாதிகூடத் திறந்திருக்காது. காற்றை மறிப்பது அதுதான், ஃபில்டர் இல்லை. ஃபில்டர் அழுக்கேறி அடைத்திருந்தால் முதலில் புது பேப்பர் ஃபில்டர் வாங்கிப் போடுங்கள்.

கேள்வி (வேகன் ஆர், தஞ்சாவூர்): இதைப் போட்டால் ஏசி நன்றாகக் குளிருமா?

இல்லை. ஏசி மெக்கானிக்கிடம் போங்கள்.

கேள்வி (போலோ, ஈரோடு): மாட்டிய உடனே செக் என்ஜின் லைட். ஸ்கேனரில் பி0113 என்ற பிழைக் குறியீடு.

காற்றின் சூட்டைப் பார்க்கும் சென்சாரின் பிளக் மாட்டவில்லை, அல்லது வயர் விட்டுப்போயிருக்கிறது. பி0171 (பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகம்) வந்திருந்தால் பிரீதர் ஹோஸைப் பாருங்கள் என்பேன். (அதைத்தான் மேலேயும் சொன்னேன்.)

கேள்வி (ஸ்விஃப்ட் பெட்ரோல், சேலம்): அலுமினிய பைப் கொதிக்கிறது, கை வைக்க முடியவில்லை. பிளாஸ்டிக்தானே நல்லது?

கணக்குப் போடுவோம். 1.2 லிட்டர் என்ஜின் 2000 ஆர்பிஎம்மில், த்ராட்டில் முழுதாகத் திறந்தால், நொடிக்குச் சுமார் 20 லிட்டர் காற்று இழுக்கும். 60 மில்லிமீட்டர் பைப்பில் அது நொடிக்கு 7 மீட்டர் வேகம். 60 சென்டிமீட்டர் நீளத்தைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் எவ்வளவு சூடாகிவிடும்?

கேள்வி (அதே சேலத்துக்காரர்): சிக்னலில் நிற்கும்போது என் ஸ்கேனர் உள்ளே போகும் காற்றுக்கு 62 டிகிரி காட்டுகிறதே!

நிற்கும்போது காட்டும். காற்று மெதுவாக நகர்கிறது, சென்சாரே சூட்டில் ஊறிக் கிடக்கிறது. ஆனால் நிற்கிற வண்டிக்கு பவர் எதற்கு? மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (பெலினோ, கோவை): சேலத்துக்காரர் சொல்வது சரி. நான் பிளாஸ்டிக்குக்கு மாறினேன், பிக்கப் நன்றாகத் தெரிகிறது.

பைப்போடு வேறென்ன மாற்றினீர்கள்? கோனைச் சுற்றி என்ஜின் சூட்டை மறைக்கும் ஷீல்டு போட்டேன் என்று நீங்களே போன வாரம் எழுதினீர்கள். பலன் ஷீல்டுக்குச் சேர வேண்டியது.

கேள்வி (சேலம், மூன்றாம் முறை): அப்போது என் 62 பொய்யா?

பொய்யில்லை, சிக்னலுக்கு மட்டும் உண்மை. ஓட்டிப் பார்த்துவிட்டு எண்ணோடு வாருங்கள், பேசுவோம்.

கேள்வி (டீசல் ஸ்விஃப்ட், நெல்லை): டர்போ வண்டிக்கு?

டீசல் டியூனிங் நான் செய்வதில்லை. ஒன்று மட்டும்: கிளாம்ப், துணி, நட்டு எதையும் பைப்புக்குள் விட்டுவிடாதீர்கள், டர்போவின் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி) பிளேடு போய்விடும்.

கேள்வி (அமேஸ், வேலூர்): மைலேஜ் கூடுமா அண்ணா?

மதுரைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி (ஐ20, ஓசூர்): காட்டன் ஃபில்டரைக் கழுவுவது எப்படி?

அதற்குரிய கிளீனரில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளியே தண்ணீர் விடுங்கள். நிழலில் காயட்டும், கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள், துணி கிழியும். பிறகு எண்ணெய், மடிப்புக்கு ஒரு கோடு மட்டும். அள்ளி ஊற்றினால் அது மாஃப் சென்சாரின் கம்பியில் போய் ஒட்டும், அப்புறம் ஐடிலிங் தடுமாறுகிறது என்று இங்கேதான் வருவீர்கள்.

கேள்வி (டிசையர், கரூர்): அண்ணா, மைலேஜ்...

சத்தம் கூடும்.